உமி உலையின் உட்சுவர்: கல்லா, காஸ்டபிளா, பஞ்சா?

புழுங்கல் அரிசி ஆலையில் நெல்லை அவிக்கவும் உலர்த்தவும் நீராவி தரும் கொதிகலன், பெரும்பாலும் அந்த நெல்லிலிருந்து உரித்த உமியைத் தின்றே ஓடுகிறது. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. எரிந்த உமியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். எரிபொருளுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது உரிமையாளருக்கு ஆறுதல்தான். ஆனால் அந்தச் சாம்பல் தன் கூலியை உலையின் உட்சுவரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சில பருவங்கள் ஓடிய உலையைத் திறந்து பார்த்தால், உமி விழும் வாயைச் சுற்றிலும் கல் அரித்துப் போயிருக்கும். மேல்வளைவில் ஒன்றிரண்டு கற்கள் இறங்கி நிற்கும். வெளித்தகட்டில் ஒரு கை அகலத்துக்குப் பெயின்ட் கருகி உரிந்திருக்கும்.

அந்த நிலையில் உரிமையாளர் முன் நான்கு வழிகள் வைக்கப்படுகின்றன. தேய்ந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போடலாம். பழைய சுவரைப் பிரித்துவிட்டு, ஃபயர் பிரிக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் தீச்செங்கல்லால் மறுபடி கட்டலாம். காஸ்டபிள் எனப்படும் வார்ப்புக் கலவையை ஊற்றி ஒரே பாளமாக்கலாம். ஆலைகளில் வெள்ளைப் பஞ்சு என்று அழைக்கப்படும் சிராமிக் ஃபைபர் போர்வையைப் பதிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விற்பனையாளர் இருக்கிறார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெப்பநிலை எண் இருக்கிறது. கொதிகலன் பராமரிப்பிலேயே காலம் கழித்த எனக்கு, அந்த எண் கடைசியாகப் பார்க்க வேண்டியது என்றே படுகிறது. உலை தினமும் அணைந்து எரிகிறதா, நிறுத்தம் எத்தனை நாள், சுவரைக் கட்டவும் அடுத்த முறை உடைக்கவும் உள்ளே ஆள் எத்தனை மணி நேரம் இருந்தாக வேண்டும் என்ற மூன்று கேள்விகளே முதலில் வர வேண்டியவை.

வெப்பநிலை எண்ணை ஒதுக்கி வைப்பதற்குக் காரணம் எளியது. உமி உலைக்குள் வெப்பம் பெரும்பாலும் 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நாற்பது விழுக்காடு அலுமினா (அலுமினிய ஆக்சைடு) உள்ள தீச்செங்கல், சுமையைத் தாங்கி நிற்கும்போது 1300 டிகிரியை ஒட்டித்தான் தளரத் தொடங்கும்; உருகுவதற்கு 1600 டிகிரியைத் தாண்ட வேண்டும். சாதாரண வெள்ளைப் பஞ்சுக்கு 1260 டிகிரி என்று அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். காஸ்டபிளிலும் இந்த வேலைக்குப் போதுமான வகை எளிதாகக் கிடைக்கும். ஆக, வெப்பம் என்ற தேர்வில் எல்லாமே தேறிவிடுகின்றன. சுவர் சாவது வேறு காரணங்களால்.

முதல் காரணம் பொட்டாசியம். உமிச்சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு, மணலில் உள்ள அதே சிலிக்கா என்றாலும், மீதியில் இருக்கும் பொட்டாசியம்தான் கல்லுக்குப் பகை. அது சூட்டில் ஆவியாகிக் கல்லின் நுண்துளைகளிலும் இணைப்புகளிலும் புகுந்து, அலுமினாவோடும் சிலிக்காவோடும் சேர்ந்து, முன்னிருந்ததைவிட அதிக இடம் கேட்கும் புதிய சேர்மங்களை உண்டாக்குகிறது. அதனால் கல்லின் முகம் உப்பி, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகக் கழன்று விழுகிறது. இதைப் பார்த்த உரிமையாளர், அடுத்த முறை அறுபது, எழுபது விழுக்காடு அலுமினா உள்ள விலை கூடிய கல்லை வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைப்பது இயல்பு. இங்கே அது பெரும்பாலும் வீண் செலவு. சிலிக்கா மிகுந்த முப்பது, நாற்பது விழுக்காட்டுக் கல்லில் பொட்டாசியம் பட்டால் மேற்பரப்பு கண்ணாடி போல் உருகிப் பளபளத்து, உள்ளே போகும் வழியை அதுவே அடைத்துக்கொள்கிறது. அலுமினா கூடிய கல்லுக்கு அந்தக் கவசம் அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. சிமென்ட் ஆலைகளின் முன்சூடேற்றிக் கோபுரங்களில் அலுமினா குறைந்த கற்களைத் தெரிந்தே வைப்பது இந்தக் கணக்கினால்தான். அந்தக் கண்ணாடிப் படலமே வழிந்தோடும் அளவுக்குச் சூடு ஏறும் உலைகளில் இந்த நியாயம் செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பக்கத்திலேயே சேலத்தில் மேக்னசைட் கிடைக்கிறதே, அந்தக் கல்லை வைத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. எஃகு உலைக்கு அது அருமையான கல். ஆனால் அது தீச்செங்கல்லைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விரிவடையும்; ஈரமும் நீராவியும் பட்டால் நீரை ஏற்றுப் பொடிந்துபோகும். நீர்க்குழாய் கசியக்கூடிய இடத்தில் அதற்கு வேலையில்லை.

இரண்டாவது காரணம், தினமும் மாலையில் அணைத்துக் காலையில் மூட்டும் பழக்கம். இரவு பகலாக ஓடும் உலையில் ஆண்டுக்குச் சில முறை மட்டுமே நடக்கும் விரிவும் சுருக்கமும், ஒரு ஷிஃப்ட் மட்டும் ஓடும் ஆலையில் முந்நூறு முறை நடக்கிறது. மூன்றாவது காரணத்தை எழுதச் சற்றே சங்கடமாக இருக்கிறது: உமி வாயில் கட்டியாக இறுகிப் படிந்த சாம்பல் கிட்டத்தைத் தட்டி எடுக்கப் ஃபயர்மேன் வீசும் இரும்புக் கம்பி.

இப்போது கல்லை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய பலம், அது தொழிற்சாலையிலேயே சுடப்பட்டு வருவது. கட்டியபின் உலர வேண்டியது இணைப்பில் உள்ள மெல்லிய கலவையின் ஈரம் மட்டுமே. ஆகவே கட்டி முடித்த ஓரிரு நாளில், சிறு விறகுத் தீயில் தொடங்கி நிதானமாகச் சூடேற்றி, உலையை ஓட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். பழுதானால் பத்துக் கல்லை எடுத்துப் பத்துக் கல்லை வைக்கலாம். ஆண்டு ஆய்வுக்கு வரும் கொதிகலன் ஆய்வாளர், சுவருக்குப் பின்னால் உள்ள தகட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், கல்லைப் பிரித்துக் காட்டிவிட்டு மறுபடி அடுக்கலாம். காஸ்டபிளை உடைத்துத்தான் காட்ட முடியும்.

ஆனால் வீடு கட்டும் கொத்தனார் கையில் தீச்செங்கல்லைக் கொடுத்தால் அந்தப் பலம் எல்லாம் போய்விடும். அவர் பழக்கப்படி கல்லைத் தண்ணீரில் ஊறவைப்பார். இங்கே கல் உலர்ந்தே இருக்க வேண்டும். அவர் விரல் கனத்துக்குக் கலவை வைப்பார். இங்கே இணைப்பு 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, கல்லைக் கூழ்போன்ற கலவையில் தோய்த்து வைத்து, மரச்சுத்தியால் தட்டி மிகுதியை வெளியேற்ற வேண்டும். எல்லாவற்றையும்விடக் கெடுதல், பிடிமானத்துக்காக என்று சொல்லி, இணைப்புக் கலவைக்கான ஃபயர் கிளே என்ற தீக்களிமண்ணில் ஒரு சட்டி சாதாரண சிமென்டைக் கலப்பது. கட்டிய அன்று அது உறுதியாகத்தான் தெரியும். 500 டிகிரியைத் தாண்டும்போது சிமென்டுக்குள் இருக்கும் நீரேற்றச் சேர்மங்கள் சிதைந்து சுண்ணாம்பு மிஞ்சும். உலை ஆறியபின் அந்தச் சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று உப்பும். சில வாரங்களில் இணைப்பு மாவாகக் கொட்டும்.

விரிவு இடைவெளியும் அப்படித்தான். தீச்செங்கல் சுவர் 1000 டிகிரியில் ஒரு மீட்டருக்கு 5 முதல் 6 மில்லிமீட்டர் வரை நீளும். மூன்று மீட்டர்ச் சுவரில் அது 15 முதல் 18 மில்லிமீட்டர். அந்த அளவை எங்காவது விட்டுப் பஞ்சால் நிரப்பவில்லையென்றால், சுவர் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்: நடுவில் வயிறு தள்ளும், அல்லது மேல்வளைவு உட்கார்ந்திருக்கும் பாதக்கல்லைப் பிடித்துத் தள்ளும். இடைவெளி விட்டுக் கட்டினால் ஒழுகிவிடும் என்று பயந்து கலவையால் அடைத்துவிடுகிற மேஸ்திரிகளைப் பார்த்திருக்கிறேன். வளைவு இறங்கியதற்குக் கல்லைக் குறை சொல்வதையும் கேட்டிருக்கிறேன்.

காஸ்டபிளின் கதை வேறு. உமி வாய், கதவுச் சட்டம், குழாய் நுழையும் இடம் என்று கல்லை வெட்டி வெட்டிப் பொருத்த வேண்டிய இடங்களில் அதற்கு நிகர் இல்லை. இணைப்பே இல்லாததால் பொட்டாசியம் நுழையும் வழியும் குறைகிறது. கம்பி அடியையும் ஓரளவு தாங்கும். தகட்டில் பற்றவைத்த, ஆங்கர் எனப்படும் எவர்சில்வர் பிடிகம்பிகள்தான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. அவற்றின் நுனியில் தாரோ டேப்போ சுற்றி வைக்க வேண்டும். சுட்டபின் அது எரிந்து விட்டுப்போகும் மெல்லிய இடத்தில் உலோகம் விரிந்துகொள்ளும், இல்லையெனில் ஆங்கரே பாளத்தைப் பிளக்கும். கலக்கும் நீர் குடிநீராக இருக்க வேண்டும். அளவும் உற்பத்தியாளர் சொன்னதைத் தாண்டக் கூடாது. கொஞ்சம் கூட ஊற்றினால் கலவை இளகி எளிதாக நிரம்பும் என்பது உண்மை. வலிமை போவதும் உண்மை. முந்தின நாள் கான்கிரீட் போட்ட மிக்சரைக் கழுவாமல் பயன்படுத்தினால், ஒட்டியிருக்கும் சாதாரண சிமென்ட் பட்டு, காஸ்டபிளில் பிடிமானமாக உள்ள அலுமினா சிமென்ட் கைக்குள்ளேயே இறுகிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கலவையை நிழலில் வைத்துக் காலை நேரத்தில் ஊற்றுவதும் அதே காரணத்தால்தான்.

எனினும் காஸ்டபிளைத் தேர்ந்தெடுப்பவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது உலர்த்தும் நாட்களை. ஊற்றியபின் ஒரு நாள் ஈரம் காயாமல் பதப்பட வேண்டும். அதன்பின் மணிக்கு 25 டிகிரி போலச் சூட்டை ஏற்றி, 110 முதல் 150 டிகிரி வரையில் ஒரு முறை, 350 டிகிரியை ஒட்டி ஒரு முறை, 600 டிகிரிக்கு அருகே ஒரு முறை நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும். 150 மில்லிமீட்டர் கனத்துக்கு இது ஏறக்குறைய இரண்டு நாள் வேலை. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு போதும். 200 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 15 பாரைத் தாண்டும். பல அரிசி ஆலைக் கொதிகலன்களின் வேலை அழுத்தமே சதுர சென்டிமீட்டருக்குப் பத்தரைக் கிலோ, அதாவது ஏறக்குறைய பத்து பார்தான். அதாவது பாதுகாப்பு வால்வும் அழுத்தமானியும் பொருத்தி, ஆய்வாளர் கையொப்பம் வாங்கி வைத்திருக்கும் பாத்திரத்தில் உள்ளதைவிடக் கூடுதலான அழுத்தம், எந்த வால்வும் இல்லாத ஈரச் சுவருக்குள் அடைபட்டு நிற்கிறது. ஓர் ஆலையில், மறுநாள் நெல் வந்துவிடும் என்ற நெருக்கடியில் இரவோடு இரவாக உமியைக் கொட்டி எரித்தார்கள். விடியும் முன்பு ஒரு வெடிச் சத்தம். கதவுக்கு மேலிருந்த பாளம் ஒரு சாண் ஆழத்துக்குப் பெயர்ந்து சாம்பல் குழியில் கிடந்தது. கதவு மூடியிருந்ததால் யாருக்கும் காயமில்லை. உலர்த்தும் காலம் முழுவதும் கதவுக்கு நேரே ஆள் நிற்கக் கூடாது என்ற விதியை அன்றிலிருந்து நான் எழுத்தில் ஒட்டிவைக்கிறேன். உலர்த்துவதற்கு உமியும் சரிப்படாது. அதை மெதுவாக எரிக்க முடியாது. விறகு வைத்து, சுவரருகே வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் ஒன்றைத் தொங்கவிட்டு, மணிக்கொரு முறை எழுதிவைப்பதே வழி.

பஞ்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 230 மில்லிமீட்டர் தீச்செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 480 கிலோ அளவுக்குக் கனக்கும். 100 மில்லிமீட்டர் பஞ்சுப் போர்வை 13 கிலோகூட இராது. உலர்த்தும் வேலையில்லை, தினமும் அணைத்து மூட்டினாலும் விரிசல் இல்லை, சூட்டைத் தேக்கி வைப்பதில்லை என்பதால் காலையில் நீராவி விரைவில் எழும். வாயுவில் எரியும் உலைக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் உமி உலையில் பறக்கும் சாம்பல் மணல்வீச்சு போல அதை அரித்துவிடும். பொட்டாசியம் அதை உருக்கிச் சுருக்கும். கம்பியின் ஒரு குத்துக்கு அது தாங்காது. மிச்சப்படும் எரிபொருளோ ஆலையிலேயே மலையாகக் குவிந்திருக்கும் உமி. உமியை நல்ல விலைக்கு விற்கும் ஆலை மட்டும் இந்த வரியைச் சற்று நின்று படிக்கலாம். கதவின் உட்புறத்துக்கும், விரிவு இடைவெளிக்கும், கல்லுக்குப் பின்னால் பின்னணி அடுக்குக்கும் பஞ்சு தகும். நெருப்பைப் பார்க்கும் முகத்துக்குத் தகாது. பின்னணி அடுக்கிலும் அளவு வேண்டும். வெளித்தகடு சுடுகிறது என்று பின்னால் பஞ்சைக் கூட்டிக்கொண்டே போனால், தகடு குளிரும். ஆனால் அந்தச் சூடு முழுவதும் கல்லுக்குள் தங்கும், பொட்டாசியம் இன்னும் ஆழமாக உருகிய நிலையிலேயே இறங்கும், ஆங்கர்களும் தாங்கும் அளவைத் தாண்டிச் சுடும்.

ஒட்டுப் போடுவது கேவலமான வழி அல்ல, எல்லை தெரிந்து செய்தால். பளபளத்த பழைய முகத்தின் மேல் ஃபயர் கிளேயை ஒரு விரல் கனத்துக்குப் பூசுவது ஒட்டு அல்ல. முதல் சூட்டிலேயே அது உதிரும். நல்ல கல் தெரியும்வரை கெட்டதை வெட்டி, குறைந்தது 75 மில்லிமீட்டர் ஆழம் கண்டு, உள்ளே அகலமும் வாயில் குறுகலுமாகக் குழியை அமைத்து, பின்பே காஸ்டபிளை அடைக்க வேண்டும். சுவர் பாதிக் கனத்துக்கு மேல் தேய்ந்திருந்தாலும், வயிறு தள்ளியிருந்தாலும், வளைவில் கல் இறங்கியிருந்தாலும் ஒட்டு என்ற பேச்சே வரக் கூடாது. வளைவின் கற்கள் ஒன்றையொன்று நெருக்கித்தான் நிற்கின்றன. ஒன்று இறங்கினால் மற்றவை எந்த நேரத்தில் இறங்கும் என்பதை யாரும் சொல்ல முடியாது. அத்தகைய வளைவை அடியில் நின்று பார்வையிடுவதும் கூடாது. வெளியில் நின்று, நீண்ட கம்பியால் ஓரத்திலிருந்து இறக்கிவிட்டே உள்ளே போக வேண்டும்.

இங்கேதான் மூன்றாவது கேள்வி, உள்ளே ஆள் இருக்கும் நேரம், தன் கனத்தைக் காட்டுகிறது. நீறுபூத்த நெருப்பு என்பது உமிச்சாம்பலுக்கென்றே சொன்னதுபோல் இருக்கும்: மேலே சாம்பல் நிறமாக ஆறிக் கிடக்கும் குவியலின் அடியில் நாட்கணக்கில் தணல் இருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். அந்தத் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடும் கசிந்துகொண்டிருக்கும். சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் அடித்தால் ஆவி சீறி முகத்தைச் சுடும், நல்ல கல்லும் வெடிக்கும். சாம்பலை முழுவதும் வெளியேற்றி, இயல்பான காற்றோட்டத்தில் ஆறவிட்டு, மின்விசிறிக்கும் உமித் தள்ளிக்கும் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, வேறு கொதிகலனோடு இணைந்திருந்தால் நீராவி வால்வையும் பூட்டி, காற்றைக் கருவியால் சோதித்த பின்பே ஆள் நுழைய வேண்டும். தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்றளிக்க வேண்டும், இல்லையேல் சுவாசக் கருவியும், இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓர் ஆளும் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு வகுத்தது. உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பதை 36அ பிரிவு சொன்னது. 230 வோல்ட் ஹாலஜன் விளக்கை வியர்வை சொட்ட இரும்புத் தகட்டின் மேல் வைத்துக்கொண்டு வேலை செய்வது இன்றும் நடக்கிறது.

தூசியை வைத்துப் பார்த்தால் வழிகளின் வரிசையே மாறிவிடுகிறது. அதிகச் சூட்டில் எரிந்த உமிச்சாம்பலில் சிலிக்கா படிக வடிவம் எடுக்கிறது. பழைய கல்லிலும் காஸ்டபிளிலும் அது உண்டு. 1000 டிகிரிக்கு மேல் நெடுங்காலம் இருந்த பஞ்சும் கிரிஸ்டோபலைட் என்ற படிகச் சிலிக்காவாக ஓரளவு மாறுகிறது. சுவாசத்தில் புகும் படிகச் சிலிக்காவைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. சிராமிக் ஃபைபர், உண்டாக்கக்கூடியவை என்ற 2பி பிரிவில் இருக்கிறது. கல்லை இணைப்பில் கடப்பாரையை விட்டு நெம்பினால் முழுதாக வரும், நீர் தெளித்துக்கொண்டே செய்தால் தூசி அடங்கும். நன்றாக இறுகிய காஸ்டபிளை ஜாக்ஹேமரால் நாள் கணக்கில் உடைக்க வேண்டும். அந்தச் சின்ன அறைக்குள் தூசியும் அதிர்வும் சத்தமும் ஒன்றாக அடிக்கும். பஞ்சைப் பிய்க்கச் சில மணி நேரம் போதும், ஆனால் நனைக்காமல் பிய்த்தால் இழை பறக்கும். மூன்றிலும் தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது காப்பு ஆகாது. முகத்தோடு இறுகப் பொருந்தும், வடிகட்டி மாற்றக்கூடிய சுவாச மூடிதான் வேண்டும். கல் வெட்டுவதை உலைக்கு வெளியே, நீர் சொட்டும் கட்டரில் வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே, ஒரு ஷிஃப்ட் ஓடும், பத்து நாள் நிறுத்தம் கிடைத்திருக்கும் உமி உலைக்கு நான் எழுதிக் கொடுப்பது கலப்பு முறை: பக்கச் சுவரும் வளைவும் நாற்பது விழுக்காட்டுத் தீச்செங்கல், பின்னால் ஓர் அடுக்கு இன்சுலேஷன் கல், உமி வாயும் கதவுச் சட்டமும் மட்டும் காஸ்டபிள், கதவுக்குள்ளும் இடைவெளிகளிலும் பஞ்சு. முதல் மூன்று நாள் ஆறுவதற்கும் இடிப்பதற்கும், நான்கு நாள் கட்டுவதற்கும் வார்ப்பதற்கும், மீதி மூன்று நாள் பதமாவதற்கும் உலர்வதற்கும். ஐந்து நாள்தான் கிடைக்கும் என்றால் காஸ்டபிளைத் தவிர்த்து, வாயையும் வெட்டுக்கல்லாலேயே கட்டிவிடச் சொல்வேன். இரவு பகலாக ஓடும் பெரிய ஆலையில், நல்ல ஒப்பந்தக் குழுவும் உலர்த்தும் பர்னரும் கிடைக்குமானால், சுவர் முழுவதையும் காஸ்டபிளாக வார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டே நாள் என்றால், வளைவு நன்றாக இருக்கும் பட்சத்தில், ஒட்டு. வளைவு கெட்டிருந்தால் உலையை ஓட்டவே கூடாது.

வேலை முடிந்து முதல் முறை ஆறும்போது காஸ்டபிள் பகுதியில் மெல்லிய விரிசல்கள் தெரியும். உரிமையாளர் பதறி, கலவையை வைத்து அடைக்கச் சொல்வார். இரண்டு மில்லிமீட்டருக்கு உட்பட்டு, பாளம் தட்டினால் கணீரென்று ஒலித்தால், அவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும். சூடேறும்போது அவை தாமே மூடிக்கொள்ளும்; குளிர்ந்த நேரத்தில் அடைத்துவிட்டால், மறுநாள் காலை சுவர் விரிவதற்கு அந்த இடம் இருக்காது.